எலிக் கிட்டி: கட்டுவதா, கட்டினதை வாங்குவதா?

வயல் எலிக்கு மூங்கில் கிட்டி வாங்கலாமா, நாமே கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூங்கில் வில்லுக்காகக் கிட்டியை வாங்குங்கள், கயிற்றை மட்டும் நீங்களே கட்டுங்கள். முழுசாகக் கட்டியும் பார்த்தேன், முழுசாக வாங்கியும் பார்த்தேன், கடைசியில் எனக்குச் சரிப்பட்டது இந்த நடுவழிதான்.

காவிரி டெல்டா பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிட்டி என்பது வளைத்த மூங்கில் சிம்பு (இதுதான் வில்), அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, அந்தக் கயிற்றில் ஒரு சுருக்கு, சுருக்கை விரித்து வைக்கும் ஒரு சின்னக் குச்சி, குச்சியில் இரை. அவ்வளவுதான். எலி தலையை நுழைத்து இரையை இழுத்ததும் குச்சி நழுவும், வில் விரியும், கழுத்து இறுகும். ஆணி இல்லை, ஸ்பிரிங் இல்லை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே தஞ்சாவூர் பேர் சொல்லித்தான் இந்த வில் பொறி வருகிறது, ஹெக்டேருக்கு 80 முதல் 100 வரை வைக்கச் சொல்கிறார்கள். ஏக்கர் கணக்கில் முப்பது, நாற்பது. கட்டுவதா வாங்குவதா என்ற பேச்சே இந்த எண்ணிக்கையால்தான் வருகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு நாலு வேண்டுமென்றால் யாரும் யோசிக்க மாட்டார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

சரி, கட்டுகிற கதைக்கு வருவோம். கயிறு முடிச்செல்லாம் அரை நாளில் கைக்கு வந்துவிடும், பாடு முழுக்க மூங்கிலில்தான். இளமூங்கிலை வெட்டி வளைத்தால் அன்றைக்கு அழகாக வளையும், ஒரு வாரத்தில் வளைந்தபடியே நின்றுவிடும், திரும்ப விரிகிற வேகம் போய்விடும். முற்றின மூங்கில் வேண்டும், கல்மூங்கில் கிடைத்தால் ரொம்ப நல்லது. வெட்டினதை அப்படியே சீவக் கூடாது, குளத்திலோ வாய்க்காலிலோ சில வாரம் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் காயவைக்க வேண்டும். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் வண்டு துளைக்கிறது, தண்ணீரில் ஊறினால் அந்தச் சத்து கரைந்து போய்விடும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள், நான் அதில் வாதம் செய்வதில்லை, தேய்பிறையிலும் வெட்டி ஊறவும் போட்டுவிடுகிறேன்.

சீவும்போது ஒன்றைக் கவனியுங்கள். மூங்கிலின் பச்சைத் தோல் பக்கத்தில்தான் நார் நெருக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் வில்லின் வெளிவளைவில் வர வேண்டும், அதில் கத்தி படவே கூடாது. உள்பக்கத்தை மட்டும் சீவி மெலிதாக்குங்கள். வழவழவென்று இருக்கட்டுமே என்று தோலைச் சுரண்டினால், பனி பெய்த ஒரு ராத்திரியில் சிலும்பு சிலும்பாகப் பிளந்து நிற்கும். கணு வில்லின் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளவும், அந்த இடத்தில் வளைவு ஒழுங்காக விழாது.

இதையெல்லாம் செய்து நாற்பது வில் சீவி முடிப்பதற்குள் களை எடுக்கிற பருவம் வந்துவிடும். கைவேலை பிடிக்கும் என்றால் செய்யுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காசு மிச்சம் என்று நினைத்து இறங்காதீர்கள். நம்முடைய நாள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

வாங்கின கிட்டியைப் பற்றி. சந்தையில் கட்டாக வைத்து விற்கிற மூங்கில் கிட்டிகளில் வில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. வருஷக்கணக்கில் இதே வேலையாக இருக்கிறவர்கள் சீவினது, வளைவைப் பார்த்தாலே தெரியும். வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு முனையையும் பிடித்து அழுத்திவிட்டுப் பாருங்கள். சட்டென்று கையை உதறிக்கொண்டு விரிய வேண்டும். மெதுவாக விரிந்தால் போன வருஷத்துச் சரக்கு, வளைத்தபடியே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குண்டூசி அளவுக்கு ஓட்டையும் அதைச் சுற்றி மாவு மாதிரி தூளும் தெரிந்தால் அது வண்டு விழுந்தது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

குறை கயிற்றில்தான். எனக்குக் கிடைத்த கட்டில் பாதிக்கு மேல் மெல்லிசான தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) போட்டிருந்தார்கள். தூண்டிலுக்குத் தங்கூசி சரி. கிட்டியில் அது சுருட்டி வைத்த வளைவை மறப்பதில்லை, சுருக்கு வட்டமாக நிற்காமல் எட்டு போலத் திருகிக்கொள்ளும், முடிச்சும் நழுவும். பருத்தி நூலும் வேண்டாம், பனியில் ஊதிப்போய் ஓடாது. முறுக்கு நைலான் கயிறு, ஷூ லேஸை விடச் சற்று மெல்லிசாக, அதுதான் சரி. முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. கட்டி முடித்ததும் சுருக்குக்குள் ஒரு முருங்கைக்காய்த் துண்டை வைத்துத் தட்டிவிடுங்கள். தோலில் பள்ளம் விழுந்து துண்டு அசையாமல் நின்றால் கிட்டி தயார். துண்டைச் சுழற்ற முடிகிறதென்றால் எலியும் தலையை உருவிக்கொண்டு போய்விடும், இல்லையென்றால் பாதி உயிரோடு ராத்திரி முழுக்கத் துடித்துக்கொண்டு கிடக்கும். கொல்வதுதான் வேலை என்றாலும் அப்படிக் கொல்ல வேண்டாமே.

கடையில் கிடைக்கிற மற்றவை. ஸ்பிரிங் வைத்த கம்பிக் கிட்டி பார்க்கப் பலமாக இருக்கிறது, ஆனால் சேற்றில் நாலு ராத்திரி கிடந்தால் துரு, அப்புறம் எண்ணெய் விட வேண்டும். வரப்பில் புதுப் பொருள் எது கிடந்தாலும் எலி ஒதுங்கித்தான் போகும், அதில் எண்ணெய் வாசனையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கூண்டு வீட்டுக்கும் குதிருக்கும் நல்லது, ஏக்கருக்கு நாற்பது கூண்டு யார் தூக்கிக்கொண்டு அலைவது? பசை அட்டை வயலுக்கு உதவவே உதவாது. தூசியும் பனியும் பட்டால் ஒட்டாது, ஒட்டினால் ஓணானும் குருவியும் ஒட்டும். ஜிங்க் பாஸ்பைடு விஷம் வைப்பவர்களுக்குத் தெரியும், ஒரு தடவை தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. கிட்டியில் அந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கிட்டி ஆனாலும் வைக்கிற இடம் தெரியாவிட்டால் வீண். சாயங்காலம் வரப்பில் இருக்கிற வளைகளை எல்லாம் சேற்றால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சிலது திறந்திருக்கும், எலி குடியிருப்பது அதில்தான். அந்த வாசலுக்கும் பயிருக்கும் நடுவில் புல் அமுங்கி ஒரு தடம் தெரியும், அதன் மேல் வையுங்கள். முதல் இரண்டு ராத்திரி சுருக்கை ஏற்றாமல் பொரியும் கருவாட்டுத் துண்டும் மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு மூன்றாவது ராத்திரி ஏற்றினால் வித்தியாசம் தெரியும். கிட்டியை ஒரு முளையில் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாய் எலியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விடிவதற்குள் எடுத்துவிடுங்கள், பிந்தினால் காக்கை கொத்தும். கையுறை போட்டுக்கொண்டு செத்த எலியை எடுத்துப் புதைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரில் இருந்துதான் வருகிறது, காலில் வெடிப்பும் புண்ணும் இருப்பவர்கள் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். எல்லாம் பயிர் பொதி கட்டுவதற்கு, அதாவது கதிர் தோகைக்குள் உருண்டு வருவதற்கு, முன்னால் நடக்க வேண்டும். பக்கத்து வயல்காரரும் சேர்ந்து வைத்தால்தான் பலன், அவர் வைக்காவிட்டால் அவர் வளையில் இருப்பது உங்கள் கதிரைத்தான் வெட்டும். வரப்பை 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்தோடு ஒல்லியாக வைத்திருந்தால் வளை போடவே இடம் பத்தாது, அதற்குக் காசும் கிடையாது.

கூலிக்கு ஆள் விட்டுக் கிட்டி வைப்பது இன்னொரு வழி. நிறைய ஏக்கர் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். எலிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் கிட்டியும் அவர்களுடையது, பாடும் அவர்களுடையது. தடம் பார்ப்பதில் அவர்கள் கண்ணுக்கு நாம் ஈடாக மாட்டோம். ஆனால் பொதி கட்டுகிற சமயத்தில் ஊர் முழுக்க ஒரே ஆளைத் தேடும், முன்னாலேயே சொல்லி வைக்காவிட்டால் வரமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பைக் கிளட்ச் கேபிளில் பெரிய சுருக்குப் போட்டு முயலுக்கும் பன்றிக்கும் வைப்பது வேறு விவகாரம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பதும் வேட்டைதான், முயல் அந்தச் சட்டப் பட்டியலில் இருக்கிற உயிர். காட்டோரங்களில் இந்தக் கம்பியில் சிறுத்தை மாட்டிச் செத்திருக்கிறது. எலிக் கிட்டி கட்டத் தெரிந்ததே என்று அந்தப் பக்கம் கை நீள வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் சுருக்கை அவிழ்த்து, வில்லைத் தளர்த்தி, சேற்றைக் கழுவிக் காயவைத்து, விறகடுப்பு இருக்கிற வீடென்றால் புகை படுகிற பரணில் செருகி வையுங்கள், வண்டு அண்டாது. இப்படி வைத்தால் அடுத்த சம்பாவுக்குக் கயிறு மட்டும் மாற்றினால் போதும். வளைத்தபடியே சாக்கில் கட்டிப் போட்டால் திரும்பவும் சந்தைக்குத்தான் போக வேண்டும்.