கூரையில் சோலார், தெருவில் கம்பி: எந்தக் கணக்கு நியாயம்?

மதியம் ஒரு மணி. மொட்டை மாடியில் பேனல்கள் முழு வீச்சில் வேலை செய்கின்றன. வீட்டுக்குள் ஃப்ரிட்ஜும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடுகின்றன. மிஞ்சும் மூன்று யூனிட் கம்பி வழியே வெளியே போகிறது. இரவு எட்டு மணிக்கு ஏசி, வாஷிங் மெஷின் என்று அதே மூன்று யூனிட்டை வெளியிலிருந்து வாங்குகிறோம். கொடுத்த மூன்றும் வாங்கிய மூன்றும் சமமா? வீட்டு சோலார் கட்டணத்தைப் பற்றிய சண்டை முழுக்க இதில்தான் இருக்கிறது.

நெட் மீட்டரிங் முறை, சமம் என்கிறது. வந்ததில் போனதைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில். யாருக்கும் சட்டென்று புரியும். இத்தனை வீடுகளில் சோலார் ஏறியதற்கு இந்த எளிமை பெரிய காரணம். ஆனால் யூனிட் விலை என்பது மின்சாரத்தின் விலை மட்டுமல்ல. கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், கொட்டும் மழையில் கம்பத்தில் ஏறுகிறவரின் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். பில் பூஜ்யமானால் அந்தப் பங்கும் பூஜ்யம்தான். ஒரு தெருவில் நூறு வீடு, கம்பிச் செலவு நூறு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இருபது வீடுகளுக்கு பில்லே இல்லாமல் போனால் மீதி எண்பது வீடுகளும் ஆளுக்கு ஒன்றேகால் பங்கு கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள், சொந்தக் கூரை இல்லாத அடுக்குமாடிக்காரர்கள், பேனலுக்கு முன்பணம் புரட்ட முடியாதவர்கள் எல்லாரும் அந்த எண்பதுக்குள்தான் இருக்கிறார்கள்.

நான்தான் சொந்தமாகத் தயாரிக்கிறேனே, கம்பிக்கு ஏன் காசு என்று கேட்பவர்கள் உண்டு. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், தெருவில் கரன்ட் போனால் சுட்டெரிக்கும் வெயிலிலும் வீட்டில் ஃபேன் ஓடாது. பழுது பார்க்க வந்தவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். அந்த வீடு பகலிலும் கம்பியை நம்பித்தான் இருக்கிறது.

சரி, எல்லாரிடமும் மாதம் ஒரே நிலைக்கட்டணம் வாங்கிவிடலாமா? எனக்கு மிக மோசமாகப் படுவது இந்த வழிதான். இரண்டு பல்பு எரிக்கும் வீடும் நான்கு ஏசி ஓட்டும் வீடும் கம்பிக்கு ஒரே தொகை கட்டும். சிக்கனமாக இருப்பவருக்கும் அதில் ஒரு காசு குறையாது. இணைப்பின் கிலோவாட் அளவை வைத்து வாங்கினால் கதை வேறு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படுவதே பெரிய சுமையை ஒரே நேரத்தில் இழுப்பவர்களால்தான்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2015 டிசம்பரில் சோலார் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தைக் கூட்டி, அவர்கள் தரும் யூனிட்டின் மதிப்பைக் குறைத்தார்கள். ஏற்கெனவே பேனல் போட்டவர்களுக்கும் சேர்த்தே! பழைய கணக்கை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்கள் கொதித்தன. அடுத்த ஆண்டே அவர்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இனிமேல் போடுகிறவர்களுக்குப் புது விதி சொல்லலாம். போட்டுவிட்டவர்களின் வயிற்றில் அடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஜெர்மனி 2000-இல் பிடித்த வழி, கூரை தரும் யூனிட்டை 20 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்குவது. சோலார் தொழில் வளர்ந்தது. செலவோ கூடுதல் கட்டணமாக எல்லா வீட்டு பில்லிலும் ஏறியது. பெரிய ஆலைகள் பலவற்றுக்குச் சலுகை கிடைத்தது. 2022 ஜூலையில்தான் அந்தக் கட்டணத்தை பில்லிலிருந்து எடுத்து அரசு பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள்.

மிச்சம் இருப்பது நெட் பில்லிங். வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, கொடுக்கும் யூனிட்டுக்கு அந்த நேரத்து மதிப்பு. கலிஃபோர்னியா 2023 ஏப்ரலில் புதிதாக வருபவர்களை இதற்கு மாற்றியது. மதியம் எல்லாக் கூரையிலும் மின்சாரம் மிஞ்சுவதால் அப்போது மதிப்பு குறைவு. வெயில் சாய்ந்து வீடுகளில் விளக்கு எரியும் நேரத்தில் மதிப்பு ஏறும். அதனால் பேட்டரி வாங்குவதற்கும் ஒரு அர்த்தம் வருகிறது. மின்சாரத்தின் உண்மையான நிலவரத்துக்கு இதுதான் மிக அருகில் இருக்கிறது. என் ஓட்டும் இதற்கே.

ஆனால் அந்த மதிப்பை யார் கணக்குப் போடுகிறார்கள் என்பது முக்கியம். பக்கத்துக் கூரையிலிருந்து வரும் யூனிட் நூறு மைல் கம்பியில் தேய்ந்து வருவதில்லை. அந்த லாபத்தைச் சேர்க்காமல் மின் நிறுவனமே விலை குறித்தால் சோலார் வீட்டுக்கு நஷ்டம். கலிஃபோர்னியாவில் கொடுக்கும் யூனிட்டின் மதிப்பு சராசரியாகச் சுமார் 75 சதவீதம் ஒரே அடியாக இறங்கியது. திசை சரி, ஆனால் படிப்படியாக இறக்கியிருக்கலாம் என்பேன்.

எந்த முறை வந்தாலும் கூரை இல்லாதவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வழி வேண்டும். ஒரு பொது சோலார் நிலையத்தில் பங்கு வாங்கி, அதில் விளையும் யூனிட்டைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு சில இடங்களில் நடப்பில் இருக்கிறது. வாடகை வீடு மாறிப் போனாலும், அதே மின் நிறுவனத்தின் எல்லைக்குள் என்றால், அந்தப் பங்கைப் புது வீட்டு பில்லுக்கு மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.