வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று: மலையில் உட்கார்ந்து ஃபைல்களை சிங்க் செய்ய எது தோது?

எனக்கு வீடு கோத்தகிரியில், வேலை குன்னூரில். வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் டெஸ்க்டாப். ஆபீஸ் டிராயரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மேக்புக். மழைக்காலத்து பஸ் நெரிசலில் அதைத் தினமும் சுமக்க மனசு வராததால் அங்கேயே கிடக்கிறது. இரண்டிலும் நடப்பது ஒரே வேலைதான்: நீலகிரி மலை ரயிலைப் பற்றி நான் எழுதிவரும் புத்தகம். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் ஏறிவந்த பாதை அது. குறிப்புகள் ஒப்சிடியனில் 600க்கு மேல், கையெழுத்துப்படி ஸ்க்ரிவனரில், மேற்கோள் நூல்களின் பட்டியல் ஸொட்டேரோவில், ஸ்கேன் செய்த படங்கள் தனியாக 11 ஜிபி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குன்னூரில் எழுதிய பத்தி ராத்திரி கோத்தகிரியில் இருக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாக ஒவ்வொரு வழியாக மாற்றிப் பார்த்துவிட்டேன். வேகம், விலை, இலவச இடம் என்று ஒப்பிடுவதுதான் வழக்கம். ஐப்பசி கார்த்திகையில் இங்கே இருந்து பார்த்தால் கேள்வியே வேறு. சீகை மரம் ஒன்று கம்பிமேல் சாயும். கரண்ட் போகும், பின்னாடியே நெட்டும் போகும். பாதி சிங்க்கில் அறுந்தால் அந்த மென்பொருள் என்ன செய்யும்? தப்பு நடந்ததைச் சொல்லுமா, சொல்லாமல் விழுங்குமா? நான் எடை போட்டது இதை வைத்துத்தான்.

பென்டிரைவ்: எளிமைதான், ஆனால் கடிகாரத்தை நம்புகிறது

பென்டிரைவை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். நெட் இல்லாத நாளிலும் வேலை செய்யும். 11 ஜிபி ஸ்கேன் படங்களை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுபோக, எங்கள் நெட்டை விடக் கோத்தகிரி பஸ் வேகமானது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிட்டால் விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும். மறதிதான் எதிரி. டிராப்பாக்ஸை ஆரம்பித்த ட்ரூ ஹூஸ்டன், பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகும் பஸ்ஸில் ஏறிய பிறகு பென்டிரைவை மறந்துவிட்டது தெரிந்து, அந்த எரிச்சலில்தான் நிரல் எழுத உட்கார்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதே எரிச்சல் எனக்கும் கட்டபெட்டு தாண்டும்போது வந்திருக்கிறது. நான் கம்பெனி ஆரம்பிக்கவில்லை, தூங்கிவிட்டேன்.

எனக்குச் சூடு போட்டது மறதி இல்லை, கடிகாரம். வீட்டு டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் போய் வந்தால் தேதி 2009க்குப் போய்விடும். நெட் இருந்தால் விண்டோஸ் தானாகச் சரிசெய்துகொள்ளும்; அன்றைக்கு நெட்டும் இல்லை. ராத்திரி மூன்று மணி நேரம் எழுதினேன், எல்லாம் 2009ஆம் வருஷத்து ஃபைல்களாகப் பதிவாயின. பென்டிரைவுக்குக் காப்பியடிக்க, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கருவியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், 'பழையதைத் தொடாதே' என்ற கட்டளையோடு. அது சொன்னபடியே செய்தது. 2009 என்பதால் புதிய எழுத்தைத் தொடவில்லை. மறுநாள் ஆபீசில் பழைய பிரதியைத் திருத்தினேன். சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டெஸ்க்டாப்பில் காப்பி செய்தபோது 'புதியது' வந்து 'பழையதை' அழித்தது. திரையில் பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை.

பென்டிரைவ்தான் வேண்டுமென்றால் ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற ஒன்றை இருவழி முறையில் வையுங்கள். போன தடவை இரண்டு பக்கமும் எப்படி இருந்தது என்று அது தனியாகக் குறித்துவைக்கும். தேதி ஏமாற்றினாலும் எந்தப் பக்கம் மாறியது என்று கண்டுபிடிக்கும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் நிறுத்திக் கேட்கும். கையோடு அந்த நாணய பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

கிளவுட் டிரைவ்கள்

டிராப்பாக்ஸ் இலவசமாகத் தருவது 2 ஜிபி, மூன்று கருவி. கூகுள் டிரைவ் 15 ஜிபி, ஜிமெயிலோடும் போட்டோவோடும் பங்குபோட்டு. ஒன்டிரைவ் 5 ஜிபி. எழுத்துக்கு மட்டும் என்றால் எதுவும் போதும். என் கணக்கில் டிராப்பாக்ஸ்தான் முன்னால் நிற்கிறது. பெரிய ஃபைலில் மாறிய துண்டை மட்டும் அனுப்பும். வீட்டுக்குள் இரண்டு கணினி இருந்தால் நெட் வழியாகச் சுற்றாமல் நேரடியாகவே பரிமாறும். மோதல் வந்தால், அதாவது ஒரே ஃபைல் இரண்டு பக்கமும் மாறியிருந்தால், கணினிப் பெயர், தேதியோடு இன்னொரு பிரதி எடுத்து வைக்கும், எதையும் அழிக்காது.

இடத்தைச் சேமிக்க ஃபைலின் பெயரை மட்டும் காட்டி, உள்ளே இருப்பதை மேலேயே, அதாவது அந்தக் கம்பெனியின் சர்வரிலேயே, வைத்துக்கொள்ளும் வசதி இவை எல்லாவற்றிலும் உண்டு. நகரத்தில் அது சௌகரியம். இங்கே கரண்ட் போன ராத்திரி, லேப்டாப் பேட்டரியில் எழுதலாம் என்று திறந்தால் பெயர் இருக்கும், ஃபைல் இருக்காது. புராஜெக்ட் ஃபோல்டரை மட்டுமாவது 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸில் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பலருக்கு அது தெரியாமலே நடந்திருக்கும்.

ஸ்க்ரிவனர்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. மேக்கில் அந்தப் புராஜெக்ட் ஒரே ஃபைலாகத் தெரியும். விண்டோஸில் பார்த்தால் அதன் நிஜ உருவம் தெரியும்: ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்கள். அதைச் செய்தவர்களே கூகுள் டிரைவ் வேண்டாம், டிராப்பாக்ஸ் பரவாயில்லை என்கிறார்கள். புராஜெக்டை மூடு, சிங்க் முடியும் வரை காத்திரு, பிறகுதான் மற்ற கணினியில் திற என்பது அவர்கள் சொல்லும் விதி. விதி சரிதான். 'முடியும் வரை' என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் சிக்கல். வீட்டு டெஸ்க்டாப் பச்சை டிக் காட்டுகிறது என்றால் மேலே இருப்பதெல்லாம் கீழே வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். குன்னூரில் பாதி ஏறும்போதே நெட் அறுந்திருந்தால் அந்த மீதி மேலேயே இல்லை. பச்சை டிக்குக்கு அது எப்படித் தெரியும்?

சிங்க்திங்: கடைசியில் நான் வந்து சேர்ந்த இடம்

சிங்க்திங் என்பது 2013இல் யாகோப் போர்க் என்பவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். நடுவில் கிளவுட் இல்லை. உங்கள் கணினிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும், அதுவும் மறையாக்கம் செய்து. இட வரம்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்தான், காசு கிடையாது. எனக்குப் பிடித்தது அறுந்தால் அது நடந்துகொள்ளும் விதம். வருகிற ஃபைலைத் தற்காலிகப் பெயரில் துண்டு துண்டாகச் சேர்த்து, முழுசாக வந்த பிறகே நிஜப் பெயருக்கு மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பாதி ஃபைல் என்று ஒன்று உருவாகாது, பழையது அப்படியே இருக்கும். திரும்பி வந்ததும் விட்ட துண்டிலிருந்து தொடரும். யார் யாருக்குப் பின்னால் மாற்றினார்கள் என்பதை ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணிக்கை வைத்துக் கணக்கிடுவதால், என் 2009 கதை இங்கே நடந்திருக்காது.

குறை என்னவென்றால் இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பகலில் வீட்டு டெஸ்க்டாப் தூங்கும், ராத்திரி ஆபீஸ் லேப்டாப் தூங்கும். அதனால் மூன்றாவதாக ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வாங்கி, வீட்டு இன்வெர்ட்டரில் ரவுட்டர் பக்கத்தில் உட்கார வைத்தேன். சிகரெட் பெட்டி அளவு. பகலில் குன்னூரிடம் வாங்கி ராத்திரி டெஸ்க்டாப்புக்குக் கொடுக்கும். ஒப்சிடியன் குறிப்புகளுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு குறிப்பும் தனி எழுத்து ஃபைல்தானே. மறைந்திருக்கும் அமைப்பு ஃபோல்டரில் எந்த ஜன்னல் எங்கே திறந்திருக்கிறது என்று எழுதிவைக்கும் வொர்க்ஸ்பேஸ் ஃபைலை மட்டும் விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தினம் ஒரு மோதல் பிரதி குட்டி போடும். விலக்குப் பட்டியல் தானாகப் பரவாது, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

பை வந்த பிறகுதான் தமிழில் பெயர் வைத்ததன் விலை தெரிந்தது. 'மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை அமைத்த வரலாறு குறித்த பழைய நாளிதழ்ச் செய்திகள்' என்று ஒரு குறிப்புக்குப் பெயர். விண்டோஸ் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டது, பை மறுத்துவிட்டது. விண்டோஸ் 255 குறியீடு வரை அனுமதிக்கும். பையில் ஓடும் லினக்ஸ் 255 பைட் வரைதான். தமிழின் ஒவ்வொரு குறியீடும், மெய்யின் மேலுள்ள புள்ளி உட்பட, யூடிஎஃப்-8 என்ற எழுத்துப் பதிவு முறையில் 3 பைட். அந்தப் பெயர் எண்ணிப் பார்த்தால் 269. ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இப்படி ஒரு சுவர் இருப்பதே தெரியாது. ஆனால் சிங்க்திங் இதைச் சிவப்பில் காட்டியது, எந்த ஃபைல் என்றும் சொன்னது. சுருக்கிவிட்டேன்.

இன்னொன்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 'கோ' என்பதின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். மேக் தன் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் கோத்தகிரி, லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு ஃபைல். பென்டிரைவில் இப்படி இரட்டைக் கோத்தகிரிகளை நானே பார்த்திருக்கிறேன். சிங்க்திங் பெயர்களைத் தானே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

கிட், ஒப்சிடியன் சிங்க், ஜோப்ளின்

நிரலாளர்கள் கிட் என்பார்கள், ஃபைல்களில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. எதையும் தொலைக்காது, மோதலை முகத்துக்கு நேரே சொல்லும். ஆனால் வரிக்கு வரிதான் ஒப்பிடும். நம் பத்தி முழுவதும் ஒரே வரி. ஓர் ஒற்று திருத்தினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். தமிழ்ப் பெயர்களைப் பின்சாய்கோடும் எண்களுமாகக் கக்கும், அமைப்பில் ஒன்றை மாற்றும் வரை. தினமும் கையால் ஏற்றி இறக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஒப்சிடியனின் சொந்த சிங்க் சேவை, இரண்டு பக்கத் திருத்தங்களையும் ஒரே குறிப்புக்குள் கலந்துவிடும், கவலையில்லாத வழி. மாதாமாதம் டாலரில் காசு, அதுவும் ஒப்சிடியனுக்கு மட்டும். இப்போதுதான் குறிப்பெடுக்கத் தொடங்குகிறவர் என்றால் ஜோப்ளினைப் பாருங்கள். அது டிராப்பாக்ஸையோ ஒன்டிரைவையோ வெறும் தபால்பெட்டியாக வைத்துக்கொண்டு சிங்க்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. மோதிய குறிப்புகள் தனி நோட்டுப் புத்தகத்துக்குள் போய் உட்காரும்.

ஸொட்டேரோவை மட்டும் மேலே சொன்ன எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். அது ஒரே தரவுத்தள ஃபைல். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் காப்பி எடுத்தால் மொத்தமும் கெட்டுப்போகலாம். அதன் சொந்த சிங்க்கே போதும். பட்டியலுக்கு வரம்பில்லை, இணைப்பு ஃபைல்களுக்கு 300 எம்பி இலவசம்.

ஸ்க்ரிவனருக்கு ஒரு டோக்கன்

பச்சை டிக் ஓட்டை சிங்க்திங்கிலும் உண்டு. குன்னூர் அனுப்பியதில் பாதிதான் பைக்கு வந்திருந்தால், பையிடம் இருக்கும் பாதியை வாங்கிக்கொண்டு டெஸ்க்டாப் 'எல்லாம் சரி' என்று சொல்லும். ஒவ்வொரு ஃபைலும் முழுசு, புராஜெக்ட் அரைகுறை. இதற்கு வழி ரயில்காரர்களிடமிருந்துதான் கிடைத்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமலிருக்க டோக்கன் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அது கையில் இருக்கும் டிரைவர்தான் அந்தப் பகுதிக்குள் போகலாம்.

புராஜெக்ட் பக்கத்தில் டோக்கன் என்று ஒரு எழுத்து ஃபைல். உட்காரும்போது 'குன்னூர் எடுத்தது' என்று எழுதி, அது ஏறியதைப் பார்த்த பிறகே ஸ்க்ரிவனரைத் திறப்பேன். மூடிவிட்டுக் கடைசி வேலையாக 'குன்னூர் விட்டது, மணி இத்தனை' என்று எழுதுவேன். சிங்க்திங்கில் ஃபைல்களை எந்த வரிசையில் இழுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். 'பழையது முதலில்' என்று வைத்திருப்பதால் கடைசியாக எழுதிய டோக்கன் கடைசியில்தான் வரும். வீட்டில் திறந்து 'விட்டது' என்று இருந்தால் எழுத உட்காருவேன். 'எடுத்தது' என்றே இருந்தால் தொடமாட்டேன், அன்றைக்குக் குறிப்பெடுப்பதோடு சரி. பச்சைத் தேயிலைக் கணக்கு எழுத டெஸ்க்டாப்புக்காகக் காத்திருக்கும் என் வீட்டம்மாவுக்கும் இந்தப் பாஷை பழகிவிட்டது. "என்னங்க, குன்னூர் டோக்கன் விட்டுச்சா? விடலைன்னா எந்திரிங்க, நான் கணக்கு எழுதணும்" என்பார்.

இந்த மழையில் டோக்கன் இரண்டு நாள் குன்னூரிலேயே மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் பென்டிரைவில் பஸ் ஏறி வந்தது.