பழைய லேப்டாப்புக்கு எது சரி: விண்டோஸ் 11, மின்ட், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆனால் 2015, 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அது கேட்கும் 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் பெரும்பாலான லேப்டாப்களில் உண்டு. இடிக்கிற இடம் வேறு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். சுற்றுவழியில் ஏற்றுபவர்களும் உண்டு. அப்படி ஏற்றினால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. எனக்கு அதில் விருப்பமில்லை.

அடுத்தது லினக்ஸ். கறாராகச் சொன்னால் அது இயங்குதளத்தின் (ஓஎஸ்) மையப் பகுதியான கெர்னலின் பெயர். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. ஒரே நேரத்தில் ஓடும் பத்து புரோகிராம்களுக்கு ராமையும் பிராசசர் நேரத்தையும் பங்குபோட்டுத் தருவது கெர்னல்தான். அதனோடு டெஸ்க்டாப் (திரையில் தெரியும் தோற்றமும் மெனுக்களும்), ஆப்கள், இன்ஸ்டாலர் எல்லாம் சேர்த்துக் கட்டித் தரும் மூட்டைக்குப் பெயர் டிஸ்ட்ரோ. உபுண்டு ஒரு டிஸ்ட்ரோ; அதன்மேல் கட்டப்பட்டது மின்ட். தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த பாஸ் லினக்ஸும் ஒரு டிஸ்ட்ரோதான். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை!

மின்ட்டில் டெஸ்க்டாப்பையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். சின்னமன் பார்க்க அழகு. 4 ஜிபி ராம் என்றால் இலேசான எக்ஸ்எஃப்சிஇ போதும். முதலில் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து பாருங்கள், ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை எடுக்கிறதா என்பதை அப்போதே பார்த்துவிட வேண்டும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் (வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்கள்) கெர்னலோடே வந்துவிடும்; சில பிராட்காம் வைஃபை சிப்களுக்கு மட்டும் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும்.

மின்ட்டின் பெரிய குறை ஆப்களில்தான். டேலி, போட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் ஆப்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டலாம் என்பார்கள்; கணக்கு வேலையை அதை நம்பி ஒப்படைக்க மாட்டேன். லிப்ரே ஆபீஸ் வேர்டு கோப்பைத் திறக்கும், ஆனால் ஃபான்ட் இல்லாவிட்டால் பக்க அமைப்பு குலையும்.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் அதுவும் லினக்ஸ் கெர்னல்தான். 4 ஜிபி ராம், 16 ஜிபி இடம் போதும். ஆனால் பிளே ஸ்டோர் ஆப்கள் வராது. மெயில், யூடியூப் பார்க்கும் அப்பாவுக்குச் சரி. பெரும்பாலும் பிரவுசரை நம்பியே ஓடுவது என்பதால், நெட் அடிக்கடி போகும் வீட்டுக்கு வேண்டாம்.

சரி, என் தேர்வு? டேலி தேவையில்லாதவர்களுக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. டேலி வேண்டுமென்றால், விண்டோஸ் 11 ஏற்கும் லேப்டாப்புக்கு மாறுவதுதான் வழி. அப்புறம், உள்ளே இருப்பது இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், முதலில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். ஓஎஸ் மாற்றிக் கிடைக்கும் வேகத்தைவிட அதில் கிடைப்பது அதிகம்.