ஆன்லைன் பாடம் எழுதுகிறவர்களே, ‘சாம்பிள்’ என்று கேட்டால் உஷார்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீட்டிலிருந்தே பாடம் எழுதிக் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். லாஸ்பேட்டையில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். 2024-25இல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் முழுக்க சி.பி.எஸ்.இ.க்கு மாறினதைச் சொல்லி, 9ஆம் வகுப்பு அறிவியலை எளிய தமிழில் விளக்கணும் என்று கூப்பிட்டார்கள். “சும்மா ஒரு சாம்பிள் பண்ணுங்க மேடம், ஒரே ஒரு யூனிட். பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க வேலை.”

எனக்கு வந்தது மிதப்பு விசை. கெடிலம் ஆற்றிலிருந்து தேவனாம்பட்டினம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போகிற படகு மேலே எழும்புமா, அமிழுமா என்ற கேள்வியில் ஆரம்பித்தேன். உப்புத்தண்ணிக்கு அடர்த்தி கூட, அதனால் கொஞ்சம் எழும்பும். ‘கடல் ஆழம் அதிகம், அதனால் அமிழும்’ என்றும் ஒரு விடை வைத்தேன். பிள்ளைகள் சறுக்குகிற இடம் அதுதான். தப்பு விடைகளை யோசிப்பதும், அதைத் தொடுகிற பிள்ளைக்கு ஏன் தப்பு என்று சொல்வதும்தான் இந்த வேலையில் பாதி. ஸ்டோரிபோர்டு (எந்த ஸ்கிரீனில் என்ன வரும் என்கிற வரைவு), க்விஸ் எல்லாம் எடிட் பண்ணக்கூடிய ஃபைலாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். “டீம்ல பேசிட்டுச் சொல்றோம்.” அதோடு சரி, போனே எடுப்பதில்லை.

அப்புறம் பார்த்தால் அவர்கள் ஆப்பில், காசு கட்டிப் பார்க்கிற பகுதியில் என் பாடம் அப்படியே ஓடுகிறது. விசாரித்ததில் நெல்லிக்குப்பத்துத் தோழிக்கு ‘ஒலி’, நெய்வேலித் தம்பி ஒருவருக்கு ‘திசுக்கள்’. ஆளுக்கொரு யூனிட் ‘சாம்பிள்’ வாங்கியே புத்தகத்தை ஒப்பேற்றுகிறார்கள்! மெயில் போட்டதும் கெடிலத்தை வைகை ஆக்கிவிட்டார்கள். வைகைத் தண்ணி பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். அங்கே எந்தப் படகு கடலுக்குப் போகும்?

“சாம்பிள் எங்க பிராப்பர்ட்டி” என்று பதில் வந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி, எழுதினவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் உரிமை கைமாறாது. நாம் எழுதினது தானாக அவர்களுடையது ஆவதற்கு, அவர்களிடம் சம்பளம் வாங்குகிற ஆளும் இல்லை.

இனி யார் கேட்டாலும் பழைய வேலையைக் காட்டுங்கள். மிஞ்சினால் இரண்டு ஸ்கிரீன், உங்கள் பெயர் குறுக்கே ஓடுகிற பி.டி.எஃப்.பாக. எடிட் ஃபைல் அட்வான்ஸ் கைக்கு வந்தபிறகுதான். உத்யம், அதாவது சிறுதொழில் செய்கிறவர்களுக்கான அரசுப் பதிவு, இலவசம்; வேலைக்கு முன்பே போட்டு வையுங்கள். அது இருந்தால், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால் வட்டியோடு கேட்கலாம்.

இதே கம்பெனிக்கு யூனிட் கொடுத்தவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். அனுப்பின மெயில், தேதி தெரிகிற ஃபைல், ஆப் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் இருக்கட்டும். சேர்ந்தே வக்கீல் நோட்டீஸ் விடப் போகிறோம்.