மண்டபத்து வாடகை சைக்கிள் கடை: பெடலைக் கழற்றிவிட்டுக் கற்றுத்தரும் இடம்

மண்டபத்தில் வடகடல் பக்கமாக இறங்கும் தெரு ஒன்றில், வலை பின்னும் கொட்டகைக்கு அடுத்தாற்போல், பெயர்ப்பலகை இல்லாத சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. பஞ்சர் ஒட்டுவது, வாடகைக்கு விடுவது, பழைய வண்டியைப் பிரித்துச் சேர்ப்பது என எல்லா ஊர்க் கடைகளிலும் நடக்கும் வேலைதான் இங்கும் நடக்கிறது. ஆனால் கடைக்காரரும் அவருடைய மனைவியும் காலை வேளைகளில் பெரியவர்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். இந்த விமர்சனத்தை எழுதுவதே அதற்காகத்தான். அறுபதைக் கடந்த என் அம்மா அங்கேதான் பழகினார். எங்கள் குடும்பத்தில் நான்கு பெண்கள் நான்கு வெவ்வேறு வயதில் சைக்கிள் கற்றிருக்கிறோம். அந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இந்தக் கடையில் கற்றுத்தரும் முறையே மிகச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

முறை மிக எளியது. பழக வருபவரின் உயரத்துக்கு ஏற்ற வண்டியை எடுத்து, 15-ஆம் எண் ஸ்பேனரால் இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுகிறார் கடைக்கார அண்ணன். இடப்பக்கப் பெடலின் மரை வலப்பக்கத்துக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பதால், அதைக் கழற்ற ஸ்பேனரைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். அது தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகி மரையைக் கெடுத்துவைத்த வண்டிகள் ஊரில் ஏராளம். இவர் அதைப் பழக வருபவருக்கும் காட்டிவிட்டுத்தான் கழற்றுகிறார். பிறகு, உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படியும் அளவுக்குச் சீட்டை இறக்குகிறார். அவ்வளவுதான்; இனிப் பழகுபவர் தரையைக் காலால் உந்தி உந்தி நகர வேண்டும். முதலில் நடை, அடுத்து காலை எட்டிப்போட்டு நடப்பது, அதன் பிறகு இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் உருள்வது. சமநிலை கைவந்த பிறகே பெடல் மாட்டப்படுகிறது. சீட்டும் விரல் விரலாக உயர்கிறது.

இதில் புதுமை எதுவுமில்லை என்பதும் சொல்லத் தகுந்தது. 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் ட்ரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித்தான் அது ஓடியது. பெடல் வந்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. மனிதர்கள் முதலில் சமநிலையைக் கற்று அதன் பின்னரே மிதிக்கக் கற்றார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் கற்றாக வேண்டும் என்று பிள்ளைகளை வதைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் பழகியது ஒன்பது வயதில், வாடகைக்கு எடுத்த அரை வண்டியில். அது கிடைக்காத நாட்களில் அப்பாவின் 22 அங்குல வண்டியில் குரங்குப் பெடல். பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, இடுப்பை ஒருபக்கமாக ஒடித்துக்கொண்டு, பாதிச் சுற்று மிதித்துப் பாதிச் சுற்று விட்டு ஓட்டுவதற்குப் பெரும் துணிச்சல் வேண்டியிருந்தது. அந்த வயதில் அது எங்களிடம் தாராளமாக இருந்தது. என் கூடப்பிறந்த அண்ணன் கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவருவான். அவன் கையை விட்டது தெரியாத வரைக்கும் வண்டி நேராகப் போகும். பலரும் இப்படித்தான் கற்றிருக்கிறோம். ஆனாலும் அதை ஒரு கற்பிக்கும் முறையென்று நான் ஏற்கமாட்டேன். உடம்பு லேசாகவும் பயம் குறைவாகவும் இருக்கும் வயதில் மட்டுமே செல்லுபடியாகும் வழி அது. நாற்பதிலும் அறுபதிலும் ஒருவரை அப்படித் தள்ளிவிட முடியாது.

என் சித்தி மீமிசலில் வாழ்க்கைப்பட்டவர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களிடம் கொண்டுசேர்த்தபோது, சித்தியும் இருபதுகளின் நடுவில் ஓட்டப் பழகினார். பிள்ளையை முன்பாரில் உட்காரவைத்து, தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவர் வந்த காட்சியை அம்மா இன்றும் வியந்து சொல்வார். மாவட்ட எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் அந்த அலை அதே வேகத்தில் வரவில்லை. அப்போது அம்மாவுக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும். தங்கை கற்றுக்கொண்டதைத் தான் கற்கவில்லையே என்ற குறை அவருக்குள் நெடுங்காலம் இருந்தது.

என் மகளுக்குச் சிறு வயதில் சைடு வீல் பொருத்திய வண்டி வாங்கிக்கொடுத்தோம். அதனால் பயனில்லை என்றே சொல்வேன். இருசக்கர வண்டி ஒரு பக்கம் சாயும்போது, சாயும் பக்கமாகவே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் அது நிமிரும். சைடு வீல் வண்டியோ சாய்வதே இல்லை, ஆகவே அந்தப் பாடத்தைப் பிள்ளை கற்பதற்கு வழியும் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா சைக்கிள் கைக்கு வந்தபோது அவள் புதிதாகத்தான் தொடங்கினாள். அதுவும் இந்தக் கடையில்தான். அண்ணன் பெடலைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தவள், ஒரே வாரத்தில் பள்ளிக்கு ஓட்டிப் போய்விட்டாள். பேத்தியைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு ஆசை திரும்பியது.

வயதானவரைக் கையாளும் விதத்தில்தான் இந்தக் கடை தனித்து நிற்கிறது. பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் கடைக்கார அண்ணனின் மனைவி. நாங்கள் மதினி என்றே கூப்பிடுகிறோம். அம்மாவை வண்டியில் ஏற்றும் முன் மூட்டுவலி, தலைசுற்றல், சர்க்கரை, கண்பார்வை எனக் கேட்டறிந்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லி முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பார் இல்லாத தாழ்வான சட்டம் கொண்ட வண்டி, செயின் முழுவதும் மூடிய கவர், பின்சக்கரத்துக்குச் சாரி கார்டு ஆகிய மூன்றும் இல்லாமல் சேலை கட்டியவரை ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறார்கள். முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்தைச் சற்றுத் தூக்கி ஊக்குப் போட்டுவிடுவதும் மதினியின் வேலைதான்.

கடைக்குப் பின்னால் மண் இறுகிய பொட்டல் ஒன்று இருக்கிறது. கடற்கரை மணலில் சக்கரம் புதைந்துவிடும். தார்ச்சாலையில் லாரிகள் போகும். இந்தப் பொட்டலோ கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் சரிந்திருப்பதால், காலைத் தூக்கினால் வண்டி தானாக உருண்டு போகிறது. அம்மா முதலில் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; பார்த்த பக்கமெல்லாம் வண்டி சரிந்தது. “அத்தை, கீழ பாக்காதீங்க. அந்தா நிக்குது பாருங்க ஒத்தப் பனை, அதையே பாத்துக்கிட்டு வாங்க” என்றார் மதினி. அம்மா பனையைப் பார்த்தார். கால்கள் இரண்டும் தரையிலிருந்து எழுந்தன. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மதினி கூடவே நடந்தாரே தவிர, ஒரு முறைகூடக் கேரியரைப் பிடிக்கவில்லை. பிடித்தால் பழகுபவரின் கவனம் பின்னால் போய்விடும் என்பது அவர் தந்த விளக்கம். கால் எட்டும் உயரத்தில் சீட்டு இருப்பதால் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. சமநிலை தவறும் நொடியில் அம்மாவே காலை ஊன்றிக்கொள்கிறார். எலும்பு முறியுமோ என்ற அச்சம் நியாயமாகவே இருக்கும் வயதில், எந்த நேரத்திலும் தன் காலால் தானே நிற்க முடியும் என்ற உறுதி எவ்வளவு பெரியது என்பதை அங்கே நேரில் கண்டேன்.

வண்டிகளின் பராமரிப்பையும் பாராட்ட வேண்டும். இருபுறமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. போக்ஸ் கம்பி ரிம்மில் சேரும் இடத்திலுள்ள சிறு திருகுகளில்தான் முதலில் செம்புள்ளி படியும். பிறகு செயின் இறுகும், பிரேக் கம்பி உறைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் வண்டிகளைத் தினமும் கழுவுவது நடக்காது. ஆகவே மாலையில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, செயினுக்கு மெஷின் ஆயில் விட்டு மிச்சத்தை வழித்துவிடுகிறார் அண்ணன். தேங்காய் எண்ணெய் விடுபவர்களை அவர் கடிந்துகொள்வதும் சரியே. அது நாளாக நாளாகப் பிசுக்காகி மணலை ஈர்த்துக்கொள்ளும். சீமைக் கருவேல முள் ஏறிய டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்து ஒட்டிய பிறகு, டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி ஒடிந்த முள்முனை மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறார். இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் வேறு இடங்களில் ஒட்டிய பஞ்சர் மறுநாளே மறுபடி இறங்குகிறது.

குறைகளும் உண்டு. தாழ்வான சட்டம் கொண்ட சிறிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. குட்டையான பெண்கள் இருவர் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டியதுதான். கட்டண விவரம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. வாடகை மணிக்கு 20 ரூபாய் என்றும், கற்றுக்கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெளியூர்க்காரர்கள் கேட்கத் தயங்கக்கூடும். தலைக்கவசம் ஒன்றுகூடக் கிடையாது. பெரியவர்களைப் பழக்கும் இடத்தில் குறைந்தது இரண்டு வாங்கிவைக்க வேண்டும். பொட்டலின் ஓரத்திலுள்ள கருவேலம் புதரை வெட்டி ஒதுக்குவதும் அவசரமான வேலை.

பாலம் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் வண்டி எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போக விரும்பினால், நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. அதன் உச்சியில் பக்கக்காற்று தேர்ந்தவரையே தள்ளும், கூடவே பேருந்துகளும் நெருக்கும். புதிதாகப் பழகியவர் எவ்வளவு பணம் நீட்டினாலும் அண்ணன் மறுத்துவிடுகிறார், சரியான முடிவு.

பழகப் போகிறவர்கள் காலை ஆறரைக்கெல்லாம் அங்கே இருப்பது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். ஆனி, ஆடி மாதங்களில் தென்கடலிலிருந்து வீசும் காற்று ஒன்பது மணிக்கே பொட்டல் மண்ணைக் கண்ணில் அள்ளிப் போடும். பின்பக்கம் வார் உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள். சேலையைவிடச் சுடிதார் வசதிதான், இருந்தாலும் சேலையோடு வருபவர்களை மதினி திருப்பி அனுப்புவதில்லை. அம்மா இப்போது ரேஷன் கடைக்கும் மீன் ஏலம் விடும் இடத்துக்கும் தன் வண்டியிலேயே போய்வருகிறார். அடுத்த மாதம் மீமிசலிலிருந்து சித்தி வரவிருப்பதால், அந்த ஒரே தாழ்சட்ட வண்டியை அவருக்காக ஒரு காலை முழுவதும் ஒதுக்கித் தரும்படி இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.