பாம்பன் கவிதைப் பட்டறை: அடித்து எழுதிய இரண்டு நாள்

பாம்பனில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கவிதைப் பட்டறைக்குப் போய்வந்தேன். கட்டணம் 500 ரூபாய், மதியம் மீன்குழம்புச் சாப்பாட்டோடு. பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் அம்மாவைப் பற்றி 18 வரி கொண்டுபோயிருந்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். ‘தியாகச் சுடரே’ வந்த இடத்தில் என் குரலே தயங்கியது. அடித்தேன். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றும் பழைய சேலைத் துணி, அவிழ்த்ததும் வெளுத்துச் சுருங்கிய விரல்நுனி, அவ்வளவுதான் மிஞ்சியது. 7 வரி.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியை எழுதிய தம்பியிடம், “சோகம்னு சொல்லாதீங்க, மணல் மூடின தண்டவாளத்தைக் காட்டுங்க” என்றார் நடத்தியவர். 20 பேருக்கு அவர் ஒருவரே. என் இரண்டாவது கவிதைக்கு நேரமே கிடைக்கவில்லை. அந்த வருத்தம் உண்டு. அடுத்த முறையும் போவேன்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். “கட்டைவிரலுக்குத்தான்டி முதல்ல துணி சுத்தணும், அத எழுதலையே” என்றார் அம்மா. மறுபடி திருத்திக்கொண்டிருக்கிறேன்.