தயிர்ச் சட்டிக்கு எந்தக் கையெழுத்து?

கிளிநொச்சியில் மாமி எருமைத் தயிர் விற்கிறார். சட்டிக்கு ஒட்டும் லேபிள் கையால் எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. மூன்று வழிகளில் செய்து பார்த்தேன். இப்போது ஒட்டுவது கவிவனார் எழுத்துருவில் செய்த லேபிள். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் மாமியின் கையெழுத்தையே ஸ்கான் செய்தோம். அழகில் அதை வெல்ல எதுவும் இல்லை. 'பண்ணைத் தயிர்' என்பதில் அடுத்தடுத்து வரும் ணகரங்கள் ஒன்றைப்போல் ஒன்று இராது. எழுத்துருவிலோ அச்சில் வார்த்த இரட்டையர்கள்தான். ஆனால் மாமி 'ணை', 'லை' எல்லாவற்றுக்கும் துதிக்கை, அதாவது முன்னால் தனியாக நிற்கும் 'ை'க்குப் பதில் எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கைபோல் வளையும் பழைய கொம்பு, போட்டு எழுதுகிறவர். தமிழ்நாட்டில் 1978 இல் விடைபெற்ற அந்த வடிவம் அவர் கையில் இன்னும் இருக்கிறது. இளசுகள் 'விலை'யைப் பார்த்து விழித்தார்கள்.

அடுத்தது, அச்சகம் ஒன்றில் இருந்த, பாமினி என்ற பழைய கணினி முறையில் அமைந்த கையெழுத்து எழுத்துரு. கலியாண அழைப்பிதழ்களில் கண்டு பழகிய சாயல், பார்வைக்குக் குறையில்லை.

குறை தெரிந்தது விலை மாறியபோது. 2022 இல் எதன் விலை நின்றது? லேபிளையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மாமியின் எழுத்து படமாக இருந்ததால், ஒவ்வொரு முறையும் அவரை இருத்தி எழுதுவிக்க வேண்டும். பாமினிக் கோப்பை வீட்டுக் கணினியில் திறந்தேன். 'தயிர்' இருந்த இடத்தில் ஆங்கில ஜே, ஏ, பீ, யூ, ஓர் அரைப்புள்ளி. பேத்தி அதை 'ஜப்பு' என்று வாசித்தாள். சில நாட்கள் வீட்டில் தயிருக்கு அதுவே பெயர். இந்த முறை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை இருத்தியவை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டுதான். சொல் வந்து சேரும், கையெழுத்துச் சாயல் வராது. அச்சகத்துக் கணினி பழுதாகியதோடு அந்த எழுத்துருவும் போயிற்று.

கவிவனாரை வடிவமைத்தவர் இலங்கையரான தாரிக் அசீஸ். சற்றே சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து. திறந்த உரிமம் என்பதால் வியாபாரத்துக்கும் காசில்லை. யுனிகோடு என்பதால் எந்தக் கணினியில் திறந்தாலும் தயிர் தயிராகவே இருக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் சாயல் மட்டும் மாறும், அதையும் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தும் அதிலேயே உண்டு. சிங்கள வரிக்கு மட்டும் வேறு எழுத்துரு தேட வேண்டும். இப்போது பழைய விலையை அழித்துப் புதியதை அடித்தால் வேலை முடிந்தது.

சின்ன எழுத்துக்கு மட்டும் அதை நம்ப மாட்டேன். சட்டி வியர்க்கும், ஈரத்தில் முதலில் கரைவது புள்ளிதான். 'தயிர்' 'தயிர' ஆவதைக் கண்டபின், சின்ன வரிகளையும் காலாவதித் தேதியையும் சாதாரண எழுத்துருவில் பெரிதாகப் போடுகிறேன்.

ஏ9 வீதியோரம் ஒரு பலகை வைக்கவும் மாமி கேட்கிறார். பெரிய அளவில் கவிவனாரை நான் போட்டுப் பார்த்ததில்லை. ஒரே தடிப்பில்தான் கிடைக்கிறது. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு மெலிந்து தெரியலாம். பலகைக்கு மாமியின் கையெழுத்தையே பெருப்பித்துத் தடிப்பாக எழுதுவிக்க நினைக்கிறேன், துதிக்கையோடு. அதில் விலை எழுதப்போவதில்லை.